தலைப்பில் ஒரு சொல்

(டி. கல்லுப்பட்டியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மில்லில் ஒரு தோழருக்கு விரல் போய்விடுகிறது. எந்திரத்தின் மூடி இரண்டு மாதமாகக் கழன்று கிடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆபீசில் விபத்து ரிஜிஸ்தரை எடுத்து என்ன எழுதுகிறார்கள்? “தொழிலாளியின் அஜாக்கிரதை.” தேதி சரி, ஷிப்டு சரி, இடது கை என்பதும் சரி. காரணம் என்ற கட்டத்தில் உள்ள அந்த ஒரு சொல்தான் அவரை வருஷக் கணக்கில் அலைய வைக்கிறது. அதை அடித்துத் திருத்து என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

அந்தத் திருத்தும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். விக்கிப்பீடியா என்று பெயர். உங்கள் பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 2001-லும் தமிழில் 2003-லும் தொடங்கியது. முன்பு தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டு வந்தது. அரிய வேலை; மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர்கள் அறிஞர்கள். நாம் வாங்கிப் படிக்கலாம், அவ்வளவே. விக்கிப்பீடியாவிலோ எழுதுகிறவர்கள் கூலி வாங்காத தொண்டர்கள். யார் எந்தச் சொல்லை எப்போது மாற்றினார் என்பது ‘வரலாறு’ என்ற பகுதியில் அப்படியே நிற்கும். ‘உரையாடல்’ என்று இன்னொரு பகுதி. சண்டையெல்லாம் அங்கேதான். (சிரிப்பு)

பெரிய சண்டை எதற்கு வருகிறது? தலைப்புக்கு. உள்ளே நாற்பது பத்தி இருந்தாலும் பாதிப் பேர் தலைப்போடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம் பேரையூர் தாலுகா உத்தப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தலித் மக்களின் வழியை அடைத்து நின்றதைத் தீண்டாமைச் சுவர் என்றோம். கட்டியவர்களோ 1989 ஒப்பந்தப்படி எழுப்பிய சுவர் என்றார்கள். கல் ஒன்றுதான், பெயர் இரண்டு. செங்கொடி இயக்கம் போராடிய பிறகு 2008 மே 6-ல் அதிகாரிகள் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். வெறும் ‘சுவர்’ என்று தலைப்பிட்டால் ஏன் இடித்தார்கள் என்று படிப்பவனுக்குப் புரியுமா?

வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு. நெல் கூலியை உயர்த்திக் கேட்டு, சங்கம் வைத்து நின்ற மக்கள், அடியாட்களுக்கு அஞ்சி ராமையாவின் குடிசைக்குள் ஒண்டினார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை ‘சம்பவம்’ என்று எழுதுகிறவன் உண்டு, ‘மோதல்’ என்கிறவனும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் படுகொலை என்றே தலைப்பு நிற்கிறது.

அது தானாக நிற்காது, தோழர்களே. அங்கே ‘நடுநிலை நோக்கு’ என்று ஒரு விதி. நம்பகமான அச்சுச் சான்றுகள் பெரும்பாலும் எந்தப் பெயரைச் சொல்கின்றனவோ அதை வைக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பண்ணையாரின் ஆள் வந்து இஷ்டத்துக்கு எழுதாமல் தடுப்பதும் இதே விதிதான். ஆனால் அச்சுக்கூடம் யார் கையில் இருந்தது? வெண்மணி வழக்கில் 1970-ல் கீழ்க்கோர்ட்டு கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை கொடுத்தது. அதே பத்தாண்டுக்குள் ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு அச்சில் இருக்கிறது. வெந்த குடிசையின் பக்கத்தில் நின்று பார்த்த கிழவியின் வாக்குமூலம் அச்சில் ஏறாவிட்டால், விதிப்படி அது சான்றே இல்லை!

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். மாண்டவர் தொகையை 42 என்று எழுதியவர்களும் உண்டு. எங்கே எண்ணினார்கள், எந்தப் பட்டியல் என்று கேட்டால் நம் தோழர்களில் சிலருக்குக் கோபம்தான் வருகிறது. “வீரஞ்செறிந்த”, “கொடியவன்” என்று கட்டுரை முழுக்கத் தூவுகிறார்கள். மறுநாள் ஒரு தொண்டர் அவ்வளவையும் நீக்கிவிடுகிறார். நீக்கியது சரி என்பேன். தேதியும் பெயரும் கூலிக் கணக்கும் இருந்தால் கொடியவன் யார் என்பது படிப்பவனுக்குத் தெரியாதா?

இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. காசாவில் நடப்பதை ஆங்கில விக்கிப்பீடியா முதலில் ‘இனப்படுகொலைக் குற்றச்சாட்டுகள்’ என்றது. நீண்ட விவாதம். அறிஞர் நூல்களையும் ஐ.நா. அறிக்கைகளையும் அடுக்கி வாதாடினார்கள். 2024 ஜூலையில் தலைப்பு ‘காசா இனப்படுகொலை’ ஆயிற்று. 2025 நவம்பரில் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே அந்தக் கட்டுரையில் நடுநிலை போதாது என்றார். தொண்டர்கள் பலர் அவரையே எதிர்த்து வாதாடினார்கள். முதலாளி சொன்னால் போர்மன் தலையாட்டும் மில்லில் இது நடக்குமா?

நம் நாட்டிலும் பாருங்கள். ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன்னை அரசின் பிரசாரக் கருவி என விமர்சிப்போர் உண்டு என்று எழுதியதற்காக, 2024-ல் டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குப் போட்டது. எழுதியவர்கள் யார் என்று சொல் என்றது. அந்த வழக்கைப் பற்றிய பக்கத்தையே நீக்கும்படி அக்டோபரில் கோர்ட்டு உத்தரவிட்டது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. தொண்டர்களில் பலர் புனைபெயரில் எழுதுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

இந்த வட்டாரத்தில் எத்தனை கூலிப் போராட்டம், எத்தனை கதவடைப்பு! பலவற்றுக்கு ஒரு வரி கூடக் கிடையாது. எழுதினாலும் சான்று கேட்பார்கள். ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் சங்க நோட்டீஸ், மகாநாட்டு மலர், பழைய பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். வயதானவர்கள் சொல்வதை இளைஞர்கள் எழுதிக்கொள்வார்கள். அது ஊர், தேதி, பெயரோடு முதலில் பத்திரிகையில் ஏறட்டும். நோட்டீசில் கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. தேதி உள்ள மூலை மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.