அடங்கிப் போன பிள்ளை

தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



என் மகன் படிவம் மூன்றில் இருந்தபோது கோயில் உருமிமேளக் குழுவே கதி என்று கிடந்தான். படிப்பு கெடுகிறதே என்று தினமும் வீட்டில் சண்டை. ஒரு தைப்பூசத்திற்குப் பிறகு அவன் உருமியைத் தொடவில்லை. கூட்டாளிகள் வாசலில் வந்து கூப்பிட்டாலும் போகவில்லை. பள்ளி விட்டால் நேராக அறைக்குள் போய்விடுவான். "பையன் அடங்கிவிட்டான்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னேன். அவன் மனம் ஒடுங்கிக்கொண்டிருந்தது எனக்குப் புரிய ஐந்து மாதம் ஆயிற்று.

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறோம். பதின்ம வயதில் அது பல நேரங்களில் எரிச்சலாகவும் வெளிப்படும். சாப்பிடக் கூப்பிட்டாலே கத்துவார்கள். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பார்கள். இரவில் தூக்கம் வராது, பகலில் எழ மாட்டார்கள். பசி மாறும், புள்ளிகள் குறையும். உயிராக நேசித்த ஒன்றைத் திடீரென்று விட்டுவிடுவார்கள். இவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடாதீர்கள்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்தில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வாசலுக்கு வரவில்லை என்றால் பக்கத்து வீட்டு அத்தை வந்து விசாரிப்பார். அங்கேயும் துன்பம் இருந்தது. ஆனால் பிள்ளையைக் கவனிக்கப் பலர் இருந்தார்கள். இன்று ஈப்போவில் தாமான் வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் கவனிக்க நாம் இருவர்தான். நாமும் ஓவர்டைம் முடிந்து களைத்து வருகிறோம்.

2022-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயது மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. நால்வரில் ஒருவருக்கு மேல்! ஆகவே இது நம் வளர்ப்புக்கு வந்த இழுக்கு அல்ல.

ஆனாலும் பேராக்கில் நமக்கு ஒரு பயம் உண்டு. 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் கேலிச்சொல்லாக்கிவிட்டோம். "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று நாமே பிள்ளைகளைத் திட்டியிருக்கிறோம். அப்படிப்பட்ட வீட்டில் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? என் வீட்டுக்காரரும் முதலில், "ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்றுதான் கேட்டார். உண்மையில் முதலில் போக வேண்டியது பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்தான். மருத்துவர் கேள்விகள் கேட்டுப் பார்ப்பார். தேவையானால் மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று பிள்ளை சொன்னாலோ, ஆசையாக வைத்திருந்த பொருள்களை எல்லாருக்கும் கொடுத்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். "உயிரை விட நினைக்கிறாயா, ஐயா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனச்சுமையைச் சொல்ல வழிதான் பிறக்கும். போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆபத்து என்று தோன்றினால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

நான் அன்று என் மகனிடம் எதுவும் பெரிதாகப் பேசவில்லை. அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உருமி அடிக்கப் போகலையா, ஐயா?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "எதுவும் பிடிக்கலைம்மா" என்றான். மறுநாள் கிளினிக்கிற்குப் போனோம். தேறிவர ஓராண்டுக்கு மேல் ஆனது.

இன்றிரவு உங்கள் பிள்ளையின் கதவைத் தட்டுங்கள். புள்ளிகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள்.