சாக்கடை சொல்லும் சேதி
(கொடும்பாளூரில் ஊர் மக்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாக்களே, ஐயாக்களே, கையில் செல்போனோடு பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளே! இன்னைக்கு நான் பேசப்போற விஷயத்தைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. நான் பேசப்போறது சாக்கடையைப் பற்றி.

இங்கே வரும்போது மூவர் கோயிலைப் பார்த்துட்டு வந்தேன். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்று கோயில்களில் இரண்டுதான் இன்னைக்கு நிற்குது. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். ஆனாலும் அந்த அடித்தளத்தைப் பார்த்தே, இங்கே ஒரு கோயில் இருந்தது, இவ்வளவு அகலம் இருந்ததுன்னு சொல்லிடுறாங்க. நோய்க் கிருமி விஷயத்திலும் இதே மாதிரி ஒரு வேலை நடக்குது. கண்ணுக்குத் தெரியாத கிருமி விட்டுட்டுப் போற தடத்தை வைத்து, ஊரில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும்னு கணக்குப் போடுறாங்க. அந்தத் தடம் கிடைக்கிற இடம் கழிவுநீர்.

இது எதுக்குத் தேவைன்னு கேட்பீங்க. என் அனுபவம் ஒன்றைச் சொல்றேன்.

2020-ல் நான் கல்லூரியில் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு மூணு நாளாக் காய்ச்சல். டெஸ்ட் எடுக்கலாம்னு சொன்னதுக்கு, "வேண்டாம்டி, வாசல்ல தகரம் அடிச்சிடுவாங்க. பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்"னு மறைச்சுட்டாங்க. கஷாயம் குடிச்சுப் பிழைச்சும் எழுந்துட்டாங்க. ஆனா அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா கொரோனாவில் போயிட்டார். பெரியம்மாகிட்ட இருந்துதான் வந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் முடியாது. இருந்தாலும் அந்தப் பெரியம்மா இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது தலை நிமிர்றதில்லை.

அந்த நாள்களில் தினமும் மாலை வந்த எண்ணிக்கையில் பெரியம்மா இல்லை. டெஸ்ட் எடுத்தவர்கள்தான் அந்தக் கணக்கில் வருவார்கள். பயந்து மறைத்தவர்கள், அறிகுறியே இல்லாதவர்கள், டெஸ்ட் வசதி எட்டாத இடத்தில் இருந்தவர்கள் வரமாட்டார்கள். ஆனால் கழிப்பறைக்குப் போகாதவர் யாரும் இல்லையே! கொரோனா தொற்றியவர்களில் பலருடைய மலத்தில் அந்தக் கிருமியின் மரபணுத் துணுக்குகள் வெளியேறுகின்றன. அறிகுறி இல்லாதவர்களிடமும் இது நடக்கும். அதெல்லாம் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தில் போய்ச் சேரும். அங்கே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தால், ஆயிரக்கணக்கான வீடுகளைச் சேர்த்துச் சோதித்த மாதிரி. யார் பெயரும் தெரியாது, யார் வாசலிலும் தகரம் அடிக்க வேண்டாம்.

சரி, கணக்கு எப்படிப் போடுறாங்க? சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கழிவுநீர் நுழையும் இடத்தில் மாதிரி எடுப்பார்கள். அதில் உள்ள துணுக்குகளைச் செறிவாக்கி, மூக்கில் குச்சி விட்டு எடுத்தபோது செய்த அதே ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையைச் செய்வார்கள். ஒரு லிட்டரில் எத்தனை துணுக்கு என்று தெரியவரும்.

புரிவதற்காக நானே ஒரு எடுத்துக்காட்டு சொல்றேன். ஒரு நகரத்தில் தினமும் ஒரு கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது. லிட்டருக்கு 50,000 துணுக்குகள். பெருக்கினால் மொத்தம் 50,000 கோடி. நோய் தொற்றிய ஒருவர் ஒரு நாளில் 100 கோடித் துணுக்குகளை வெளியேற்றுகிறார் என்று வைத்துக்கொண்டால், வகுத்து வருவது 500 பேர். அவ்வளவுதான்.

ஆனால் இங்கேதான் கவனம் வேணும். ஒருவர் 100 கோடிக்குப் பதில் 10 கோடிதான் வெளியேற்றுகிறார் என்றால், விடை 5,000 பேர் ஆகிவிடும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் இந்த அளவு மாறும். மழை பெய்தால் கழிவுநீர் நீர்த்துப்போகும். அதனால் இது தலை எண்ணுகிற கணக்கு இல்லை, மதிப்பீடுதான். ஒரே இடத்தில் வாராவாரம் எடுத்துப் பார்த்தால், நோய் ஏறுதா இறங்குதா என்பதை நல்லாவே சொல்லும்.

இது கொரோனாவோடு வந்த புதுசு இல்லை. 1940-களில் இங்கிலாந்தில் பிரெண்டன் மூர் என்கிற மருத்துவர், சாக்கடையில் மருத்துவமனைத் துணிச் சுருளைத் தொங்கவிட்டு, பாராடைபாய்டு கிருமி எந்தப் பக்கத்திலிருந்து வருது என்று தேடினார். நம்ம நாட்டில் 2001-ல் மும்பையில் போலியோவுக்காகச் சாக்கடை நீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27-ல் நம் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது. அதற்குப் பிறகும் சாக்கடைச் சோதனையை நிறுத்தவில்லை. காரணம் இருக்கு. 2013-ல் இஸ்ரேலின் தெற்குப் பகுதியில் ஒரு குழந்தைக்குக்கூடக் கால் செயலிழக்கவில்லை. ஆனால் சாக்கடையில் போலியோ கிருமி இருந்தது. உடனே லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நோயாளி வரும் முன்பே சேதி வந்துவிட்டது.

கொரோனா காலத்தில் தெலங்கானாவில் நடந்ததைச் சொல்றேன். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து அந்த நகரத்தின் கழிவுநீரைச் சோதித்தன. 2020 ஆகஸ்டில் வெளியிட்ட மதிப்பீடு: சுமார் 35 நாள் காலத்தில் தொற்றியிருக்கக்கூடியவர்கள் 6.6 லட்சம் பேர். நகர மக்களில் ஏறத்தாழ 6 சதவீதம். அந்த நேரத்தில் தெலங்கானா மாநிலம் முழுவதும் சேர்த்தே சோதனையில் உறுதியானவர்கள் சுமார் ஒரு லட்சம்தான். அப்படின்னா எத்தனை பெரியம்மாக்கள் கணக்குக்கு வெளியே இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கு. 2020-ல் ஹைதராபாத் கழிவுநீரில் சுமார் 40 சதவீதம்தான் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி நகரத்தைக் கணக்குப் போட்டுத்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். நமக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். ஒரு பாட்டிலில் ஊரையே சோதிக்கிற இடம் இங்கே கிடையாது. "அப்போ இது பட்டணத்துக்காரங்க விஷயம், நமக்கு என்ன?"ன்னு கேட்கலாம். நான் திருப்பிச் சொல்றேன்: அதனாலதான் நமக்கு அக்கறை கூடுதலா வேணும். பட்டணத்தில் நாம் வாய் திறக்காவிட்டாலும் சாக்கடை சொல்லிவிடும். இங்கே நாம் சொன்னால்தான் தெரியும்.

அதுக்கு மூணு வேலை செய்தால் போதும்.

ஒன்று, தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் அன்றைக்கே சொல்லுங்க. இல்லையென்றால் 104-க்குப் போன் பண்ணுங்க. நோய் வந்தது யார் குற்றமும் இல்லை.

இரண்டு, செப்டிக் டேங்க் கழிவை வாய்க்காலிலோ குளத்திலோ திறந்துவிடாதீங்க. அதில் கிருமி உயிரோடு இருக்கும். தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், உயிரும் போகும். லாரி வைத்து எடுக்க 14420 என்ற எண்ணில் கேளுங்க.

மூன்று, போலியோ சொட்டு மருந்து நாளைத் தவறவிடாதீங்க. "இப்பத்தான் போலியோ இல்லையே"ன்னு சொல்லாதீங்க. இல்லாமல் இருப்பதற்கே அந்தச் சொட்டுதான் காரணம்.

கடைசியா ஒன்று. எங்க தெருப் பெரியம்மா மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க பயந்தது கிருமிக்கு இல்லை, ஊர் பேச்சுக்கு. காய்ச்சல் என்று ஒருத்தர் சொன்னால் வாசலுக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொண்டுபோய் வைக்கிற ஊராக நாம இருந்தால், யாரும் எதையும் மறைக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட ஊருக்குச் சாக்கடை வந்து சேதி சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.