படலை திறக்கட்டும்!



1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சி புகுந்தனர். பல படலைகள் ஊர் பேர் கேளாது திறந்தன. கோயில்களும் பாடசாலைகளும் வீடுகளாயின. ஒரே கிணற்றில் பல குடும்பங்கள் நீர் அள்ளின. அத்துன்பத்திடையே நாம் கண்ட இன்பம் அந்த ஒருமைப்பாடே.

ஆயினும், அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்நகர் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். நம்மிற் பெரும்பாலோர் மௌனமாயிருந்தோம். தம்மவர்க்கு மட்டும் சுரப்பது கருணையாகாது. நீதி கேட்டு மன்றேறுவோர் கையிற் கறை இருத்தலாகாது. மீள வரும் அம்மக்களுக்கும் நம் படலைகள் அகலத் திறக்கட்டும்! அன்றே நம் மகிழ்ச்சி முழுமையுறும்.