கொழுந்துக்கும் தாகம் உண்டு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் பேசப்போவது தேயிலைச் செடியின் தாகத்தைப் பற்றி.

மழைக்குப் பேர்போன இரத்தினபுரியிலும் கேகாலையிலும் வறட்சியா என்று வெளியூரார் கேட்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்குத் தெரியும். தை, மாசியில் சில வாரம் மழை பொய்த்தால் துளிர் நின்றுவிடும். கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான். 1991இல் 24 கோடி கிலோவைத் தாண்டிய இலங்கைத் தேயிலை, 1992 வறட்சியில் ஏறத்தாழ 18 கோடி கிலோவாக விழுந்தது. அந்த இழப்பு லயத்து அடுப்பு வரைக்கும் வந்தது.

ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் வறட்சியைத் தாங்க உயிர்த்தூண்டிகளைத் தெளிக்கிறார்கள். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் ஆகியவை இவ்வகை. இவை உரமுமல்ல, பூச்சிமருந்துமல்ல. செடி தன் சத்தை நன்கு பயன்படுத்தவும், வெயிலையும் வறட்சியையும் தாங்கவும் துணைசெய்பவை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இலும் இந்தியா 2021இலும் இவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன.

தண்ணீர் குறைந்தால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் வெளியேறுவது குறையும். ஆனால் உணவு தயாரிப்பும் குறையும், இலைக்குள் நச்சுப் பொருட்களும் சேரும். அவற்றை முறிக்கும் நொதிகளையும், உயிரணுவில் நீரைப் பிடித்துவைக்கும் பொருட்களையும் முன்கூட்டியே தயார்ப்படுத்துவதுதான் நல்ல உயிர்த்தூண்டியின் வேலை. தடுப்பூசியைப் போல, நோய் வருமுன் கொடுக்கவேண்டியது. கருகிய செடிக்குத் தெளித்துப் பயனில்லை.

தமிழகத்தின் மண்டபம் கரையில் மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வளர்க்கிறார்கள். அதைப் பிழிந்த சாறு பயிர்களுக்குத் தெளிக்கப்படுகிறது. நம் பூட்டன் பூட்டிமார் பலர் இலங்கைக்குக் கப்பலேறுமுன் தங்கவைக்கப்பட்ட முகாம் இருந்ததும் அதே மண்டபத்தில்தான். அந்தக் கரைப் பெண்ணின் உழைப்பு இந்த மலைப் பெண்ணின் கூடையை நிறைக்குமானால் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஜீவனிப் பைக்கற்றைத் தண்ணீரில் கரைக்காமல் வாயில் கொட்டினால் நோயாளி தேறமாட்டார். போத்தலில் வரும் எந்தச் சாறும் தண்ணீருக்கோ, மண்ணுக்கோ, உரத்துக்கோ ஈடாகாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது நாடே பட்ட பாட்டை மறக்கவில்லை. முதலில் நிழல்மரம் வேண்டும். செடியடியில் மானாப்புல் மூடாக்கு வேண்டும். மண் கரையாமல் கான் வெட்டவேண்டும். உயிர்த்தூண்டி அதற்குப் பிறகுதான்.

நம்மில் சிறுதோட்டம் வைத்திருப்போர் உண்டு. தோட்ட நிர்வாகிகளின் மனைவிமாரும் உண்டு. உங்களிடம் ஒரு வேண்டுகோள். விற்பவர் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். இரத்தினபுரியிலேயே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நிலக் கிளை இருக்கிறது, அங்கே கேளுங்கள். வாங்கினாலும் இரண்டு நிரையைத் தெளிக்காமல் விட்டு, இரு பக்கத்துக் கொழுந்தையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். மருந்தைச் சோதிக்க நாங்கள் கற்ற வழியும் அதுதான்.

கடைசியாக ஒன்று. செடியின் தாகத்துக்குச் செலவு செய்யும் தோட்டம், அதே வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு மலையிலேயே குடிநீரும், சற்று உட்கார நிழலும் கொடுக்கவேண்டும். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலை செய்து, நோயோடு எங்களிடம் வரும் தாய்மாரைப் பார்த்துச் சொல்கிறோம். செடிக்கு வறட்சி வருமுன் தெளிக்கத் தெரிந்த நமக்கு, அவள் மயங்கி விழுமுன் ஒரு குவளை தண்ணீர் கொடுக்கவும் தெரியவேண்டும். அந்தத் தாய்மாரின் அரைப்பேரிலும் முழுப்பேரிலும் படித்தவர்கள்தானே நாம்!