மாணவர் ஓவியமும் உழைப்பாளர் முகமும்



சமூகச் சிக்கல் ஒன்றை வரையுமாறு பணித்தால், மாணவர் பலர் உடைந்த விலங்கையும் அழும் பூமியையும் வரைகின்றனர். முன்னர்க் கண்ட சுவரொட்டியே மீண்டும் தாளில் ஏறுகிறது.

சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை வேறு வழி காட்டுகிறது. அதனை வடித்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பாறையை நெம்பும் நால்வர்க்கு மாதிரியாக நின்றோர், அக்கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவருமே என்பர். அதில் முழக்கம் இல்லை. முறுகிய தசையும் ஊன்றிய காலுமே உழைப்பின் சுமையை உணர்த்துகின்றன.

ஆலங்குளத்து மாணவர்க்கும் அத்தகைய காட்சி தொலைவில் இல்லை. சிவகாசியில் 1923இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சுற்றூர்களிலும் பரவிற்று. சிறுவரை அதில் அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் குடும்பத்தார் தாமே நடத்தும் தொழிலுக்கு விலக்களித்தது. அன்று சட்டம் எட்டாதிருந்த அத்தகைய திண்ணையையும் மாணவன் கண் எட்டும்.

பெட்டி ஒட்டும் தாயின் விரல்களை அவன் பொறுமையுடன் நோக்கி வரையட்டும். வரைந்ததை முதலில் அத்தாயிடமே காட்டட்டும். அவர் தம்மை அதில் இழிவின்றிக் கண்டால், அவ்வோவியம் தன் கடமையைச் செய்ததாகும்.