உடம்புக்குள் சில்லு: படிக்கும் கருவி யார் கையில்?



மனித உடம்புக்குள் சில்லு வைப்பது சரியா, தவறா என்பது இன்றைய கேள்வி. 'இது அமெரிக்காக்காரனின் கவலை. பாக்கார் ஆராங்கில் இருக்கும் நமக்கு என்ன?' என்று சிலர் நினைக்கலாம். பக்கத்துக் கூலிமில் 1996-இல் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்குச் சில்லு செய்யும் வேலைக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள். 2001-இல் வந்த மைகார்டு வழியாகப் பெருவிரல் ரேகை பதிந்த சில்லு ஒன்று நம் பணப்பையிலேயே இருக்கிறது. பணப்பையிலிருந்து தோலுக்கு அடியில் போக அதற்கு ரொம்ப தூரமில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். உடம்பில் வைத்த சில்லு, நாம் போகும் இடத்தையெல்லாம் வானத்திலுள்ள செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'வெரிசிப்' ஓர் அரிசி அளவுதான். அதில் மின்கலம் கிடையாது. ஓர் எண் மட்டும் உண்டு. படிக்கும் கருவியை மிக அருகில் கொண்டு வந்தால்தான் அந்த எண் தெரியும். நாம் எங்கே போகிறோம் என்பது நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆகவே நாம் கேட்க வேண்டியது, படிக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் எத்தனையோ பெரியவர்களை நடமாட வைத்திருக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்குத் தமிழக அரசு காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் காக்ளியர் கருவி பொருத்தித் தருகிறது. இவற்றை யாரும் எதிர்க்க மாட்டார்கள். சுமப்பவருக்காகவே உழைக்கும் கருவிகள் இவை.

ஆனால் அப்படிப்பட்ட கருவியும் கை மாறலாம். 2016-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒருவர் வீடு தீப்பற்றியது. அவர் சொன்ன கதையில் போலீசாருக்குச் சந்தேகம். நீதிமன்ற ஆணை பெற்று, அவர் நெஞ்சிலிருந்த பேஸ்மேக்கரின் பதிவுகளை எடுத்தார்கள். அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2017-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். குற்றத்தைத் துப்பறிய வேண்டியதுதான். ஆனால் உயிர் காக்க வைத்த கருவி, வைத்துக்கொண்டவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு கதை. பார்வை இழந்தவர்களுக்காக 'ஆர்கஸ் 2' என்ற கருவி வந்தது. உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் கண்ணில் அதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் அதைத் தயாரிப்பதை நிறுத்தியது. கருவி கண்ணுக்குள், பழுது பார்க்க ஆள் இல்லை. கார் நிறுவனம் மூடினால் வேறு கார் வாங்கலாம். கண்ணுக்கு என்ன செய்வது?

உடம்பில் அடையாளம் போடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. பக்கத்துப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் பலர், குற்றத்தின் பெயரை நெற்றியில் பச்சை குத்தப்பட்டு வந்தார்கள். 1849-இல்தான் அந்தக் கொடுமை ஒழிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்கு எண் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அது சொன்னது. இங்கே அவசரகாலம் பிறந்த 1948-இல், 12 வயது நிறைந்த எல்லாருக்கும் படமும் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு வந்தது. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. ஆனால் அடையாளத்தைச் சுமந்தவரிடம் 'உனக்குச் சம்மதமா?' என்று யாரும் கேட்கவில்லை.

இன்று கேட்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், யாரையும் கட்டாயப்படுத்திச் சில்லு வைக்கக் கூடாது என்று 2006-இல் சட்டம் போட்டது. அதே மாநிலத்தில் 2017-இல் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் ஏறத்தாழ 50 பேர், கதவு திறக்கவும் நொறுக்குத் தீனி வாங்கவும் தாங்களாகவே கையில் சில்லு வைத்துக்கொண்டார்கள். சட்டப்படி தவறில்லை. அதே பேச்சை நம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் எடுத்தால்? மாதாமாதம் வாடகை கட்ட வேண்டிய தாய், கடன் வாங்கி விமானம் ஏறி வந்த வெளிநாட்டுத் தொழிலாளி, இவர்களால் 'வேண்டாம்' என்று மேலாளர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாத இடத்தில் வாங்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை.

ஆகவே எந்தக் கருவியானாலும் மூன்று கேள்விகள் கேட்போம். இது எனக்காக உழைக்கிறதா, என்னைப் பார்க்கிறவருக்காகவா? வேண்டாம் என்றால் என் வேலையும் சம்பளமும் அப்படியே இருக்குமா? கருவி தவறு செய்தால் நான் முறையிட ஒரு மனிதர் இருக்கிறாரா?

மூன்றாவது கேள்வி சின்னதல்ல. காலமெல்லாம் உழைத்துக் கை தேய்ந்தவர்களின் ரேகையைக் கருவி படிக்க மறுப்பதுண்டு. இந்தியாவில் ஆதார் ரேகை ஒத்துவராமல், ரேஷன் அரிசி கிடைக்காமல் திரும்பிய முதியவர்கள் உண்டு. ஆள் எதிரில் நிற்கிறார். கருவி 'இவர் அவர் இல்லை' என்கிறது. அங்கே கருவியின் பேச்சுத்தான் எடுபட்டது.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அது மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வந்தது. கசிந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பெருவிரலை மாற்ற முடியாது.

சில்லு நம் வாசலுக்கு வந்த பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை. 'எந்தத் தொழிலாளியையும் உடம்பில் கருவி பொருத்தும்படி கேட்கக் கூடாது. மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது' என்ற வரியைத் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் இப்போதே கேட்டுப் பெற வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளியையும் அந்த வரியில் சேர்த்துக் கேளுங்கள். முதலில் அவரிடம்தான் ஊசியோடு போவார்கள். அவருக்காகப் பேசத் தவறினால், அடுத்த வரிசையில் நம் பிள்ளைகள் நிற்பார்கள்.