வில்லும் சித்திரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு வியப்பைத் தரக்கூடும். ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவர், இசை பேசுவர். நாமோ ஜப்பானியரின் வில்லைப் பற்றியும், அந்நாட்டுச் சித்திரக் கதைகளில் அது தோன்றும் வகையைப் பற்றியும் பேச வந்துள்ளோம். இதற்குக் காரணம் நம் இல்லங்களிலேயே இருக்கின்றது. பிள்ளைகள் ‘மங்கா’ என்னும் சித்திரக் கதைகளிலும், ‘அனிமே’ என்னும் அசையும் சித்திரங்களிலும் ஆழ்ந்து கிடக்கின்றனர். ‘பொழுதைப் பாழாக்காதே’ என்று பெற்றோர் கடிகின்றனர். நாமும் அவ்வாறு கடிந்தவர்களே. ஒருநாள் கடிவதற்கென்றே அருகில் சென்று அமர்ந்தோம்; படம் முடியும்வரை எழவில்லை. அன்று கண்டதையும் அதன்பின் கற்றதையும் இங்கே கூறுகின்றோம்.

முதலில் வில்லைப் பார்ப்போம். ஜப்பானியர் தம் வில்லை ‘யூமி’ என்பர். ஏறத்தாழ 221 சென்டிமீட்டர் நீளமுடையது, ஆளைவிட உயரமானது. கைப்பிடி நடுவில் இராது. பிடிக்கு மேலே இரு பங்கும் கீழே ஒரு பங்குமாக வில் நிற்கும். மூங்கிலையும் மரத்தையும் பட்டை பட்டையாக ஒட்டிச் செய்வது மரபு. வலக்கையில் தோலுறை அணிந்து, கட்டை விரலில் நாணை மாட்டி, காதுக்கும் பின்னே செல்லுமாறு இழுப்பர். 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டக் குறி இருக்கும். குறியின் நடுவில் பட்டாலும் ஓரத்தில் பட்டாலும் ஒன்றே.

இக்கலைக்குக் ‘க்யூதோ’ என்று பெயர். ‘வில்லின் நெறி’ என்பது பொருள். இதில் எட்டு நிலைகள் உண்டு. கால் ஊன்றுதல், உடலை நிலைப்படுத்துதல், வில்லை ஆயத்தமாக்குதல், உயர்த்துதல், இழுத்து விரித்தல், முழு இழுவையில் நிலைத்து நிற்றல், விடுதல் என ஏழு. எட்டாவது நிலையை ‘ஸன்ஷின்’ என்பர். அம்பு சென்ற பின்னும் வில்லாளன் குலையாமல் நிற்கும் நிலை அது. எஞ்சி நிற்கும் மனம் என்று அதற்குப் பொருள் கூறலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், அந்நிய ஆட்சியினர் போர்க்கலைப் பயிற்சிகளுக்குத் தடை விதித்தனர். வில்லும் அத்தடைக்குத் தப்பவில்லை. 1949 ஆம் ஆண்டில் அனைத்து ஜப்பான் க்யூதோ கூட்டமைப்பு தோன்றியது. 1953 ஆம் ஆண்டில் அதன் பயிற்சி நூல் வெளிவந்தது. மெய்ம்மை, நன்மை, அழகு என்னும் மூன்றையும் நாடும் பயிற்சியாக வில் மறுவாழ்வு பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் கழகம் அமைத்துப் பயிலும் கலையாகவும் வளர்ந்தது.

இக்கலையை உலகுக்கு அறிமுகப்படுத்திய நூல் ஒன்று உண்டு. ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் ஓய்கன் ஹெரிகல் 1924 முதல் 1929 வரை செண்டாய் நகரில் பணியாற்றியபோது, ஆவா கென்ஸோ என்னும் ஆசானிடம் வில் பயின்றார். 1948 இல் அவர் வெளியிட்ட நூலைப் படித்தோர், ஜப்பானிய வில் என்றாலே ஜென் பௌத்தத்தின் தியானம் என்று கருதத் தலைப்பட்டனர். பின்னர் யமாதா ஷோஜி என்னும் ஜப்பானிய அறிஞர் இதனை ஆராய்ந்தார். ஆவா ஜென் பயிற்சி பெற்றவர் அல்லர் என்றும், ஹெரிகலுக்கு ஜப்பானிய மொழி போதிய அளவு தெரியாது என்றும், ஆசானின் சொற்கள் பொருள் மாறிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். பழைய வில்லாளர் அனைவரும் தியானியரும் அல்லர். கியோத்தோ நகரின் ஸன்ஜூஸன்கெந்தோ கோயிலில், ஏறத்தாழ 120 மீட்டர் நீளத் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எய்யும் போட்டி நடந்தது. 1686 ஆம் ஆண்டில் வாஸா தாய்ஹாச்சிரோ ஓர் இரவும் பகலுமாக 13,053 அம்புகளை எய்தார். அவற்றுள் 8,133 மறுமுனை சென்று சேர்ந்தன. வெற்றி வேட்கையும் வில்லின் வரலாற்றில் ஒரு பங்கே.

இனிச் சித்திரங்களுக்கு வருவோம். ரூமிகோ தகாஹாஷி 1996 முதல் 2008 வரை எழுதி வரைந்த ‘இனுயாஷா’ என்னும் மங்காவைப் பிள்ளைகள் அறிவர். பழங்கிணற்றின் வழியே போர்க்காலத்துக்குச் சென்றுவிடும் பள்ளி மாணவி ககோமே எய்யும் அம்பு ஒளி வீசிப் பேய்களை அழிக்கும். இது வெறும் கற்பனையா? தீமையை ஓட்டும் ‘ஹமயா’ என்னும் அம்பினை ஜப்பானியர் புத்தாண்டில் கோயிலிலிருந்து வாங்கி இல்லத்தில் வைப்பர். அந்த நம்பிக்கையே அச்சித்திரத்தில் ஒளியாக நிற்கின்றது.

நம்மை எழவிடாமல் செய்த படம் வேறு. அதன் பெயர் ‘ட்ஸுருனே’. நாணின் ஒலி என்று பொருள். அயனோ கொதோகோ எழுதிய புதினத்தை ஒட்டிக் கியோத்தோ அனிமேஷன் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் நாயகன் மினாத்தோ சிறு வயதில் தாயுடன் சென்றபோது கேட்ட நாண் ஒலியில் மனத்தைப் பறிகொடுத்தவன். வளர்ந்து வில்லெடுத்தவனை ஒரு பிணி பற்றுகின்றது. அதனை ‘ஹயகே’ என்பர். முழு இழுவையில் நிற்க வேண்டிய நொடியில், அவன் விரும்பாமலே கை நாணை விட்டுவிடும். இது கதைக்காகப் புனைந்த நோயன்று. மெய்யான வில்லாளர் பலர் அஞ்சும் குறையே.

பேய் இல்லை, பகைவன் இல்லை. ஓர் இளைஞன் தன் அவசரத்தோடு போராடுகின்றான். அவன் உடனே வென்றுவிடவும் இல்லை. இரவில் தனியே எய்யும் ஒருவரைக் கண்டு மீண்டும் வில்லைத் தொடுகின்றான். ஐவர் அணியில் ஒருவனாக நின்று, பிறர் நாண் ஒலியைக் கேட்கப் பழகுகின்றான். பெரியோர் போற்றிய தத்துவ நூல் தவறவிட்ட ஒன்றை, பிள்ளைகளுக்கென்று நாம் ஒதுக்கிய படம் சரியாகப் பிடித்துக்கொண்டது. வில்லின் நெறி என்பது மறைபொருள் அன்று. நாள்தோறும் பிழைத்துப் பிழைத்துத் திருந்தும் பயிற்சி என்பதே அது.

அந்நிறுவனத்தின் கதையையும் கூறவேண்டும். 2019 ஜூலை 18 அன்று ஒருவன் அதன் கலைக்கூடத்துக்குத் தீயிட்டான். 36 பேர் மாண்டனர். எஞ்சியோர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 2022 ஆம் ஆண்டில் ‘ட்ஸுருனே’ திரைப்படமும், 2023 ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் தொடரும் வெளிவந்தன. அம்பு சென்றபின்னும் குலையாமல் நிற்பதே எட்டாவது நிலை என்றோமே, அதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமோ?

பெற்றோர்களே! நம் மொழியையும் கலையையும் பிள்ளைகள் விரும்பவில்லை என்று இச்சங்கத்தில் பலமுறை வருந்தியுள்ளோம். ஜப்பானியர் தம் பழங்கலையைப் பிள்ளைகள் விரும்பும் வடிவில், தோல்வியையும் மறைக்காமல் சொல்லி, அவர்கள் கையில் சேர்த்தனர். நாமோ பெருமையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கின்றோம். பிள்ளை தமிழை ஒருமுறை பிழையாகப் படித்தால் சிரிக்கின்றோம். அடுத்த முறை அவன் வாய் திறப்பதில்லை. பிழைக்கு இடம் தராத இடத்தில் எக்கலையும் தங்காது.

ஆதலின் ஒரு வேண்டுகோள். இவ்வாரம் ஒரு மாலை, கடியாமல், பிள்ளைகளின் அருகில் அமருங்கள். அவர்கள் காண்பதை நீங்களும் காணுங்கள். அடுத்த மாலை, நீங்கள் போற்றுவதை அவர்களோடு பகிருங்கள். அப்போது அவர்களும் அருகில் வந்து அமர்வர் என்பது நம் நம்பிக்கை.